அலசிய தண்ணீர்

ஜூலை 7, திங்கள்

புது நோட்டு. செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் பதிவேடு எழுதிய பழக்கத்தில், முதல் பக்கத்தில் இடத்தின் அமைப்பை எழுதிவிடுகிறேன். ஆற்றங்கரையில் ஒன்றரை ஏக்கர். பண்ணை என் மகள் தமயந்தியுடையது, நான் உதவி. மேற்கே ஆட்டுக் கொட்டகை, ஆடுகள் பதினேழு. அதை ஒட்டி மேட்டில் மேல்தொட்டி. கொட்டகைக் கூரையில் விழும் மழைநீர் ஒரு சிமெண்டு வாய்க்கால் வழியாக அதில் சேரும். வாய்க்கால் என் யோசனை. மேல்தொட்டியிலிருந்து குழாய் வழியாக, மேற்கிலிருந்து கிழக்காக, ஐந்து தொட்டிகள். அவற்றில் லாப்ஸ்டர். கடலில் பிடிப்பது அல்ல. நன்னீரில் வளரும், கொடுக்கில் சிவப்புக் கறை உள்ள பெரிய இறால் வகை. ஐந்தாம் தொட்டியில் வழிகிற தண்ணீர் ஆமைக் குட்டைக்குப் போகிறது. மெல்லோட்டு ஆமைகள் தொண்ணூற்று நான்கு. அவற்றை வளர்க்கும் உரிமத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். கிழக்கு வேலிக்கு அப்பால் காத்தமுத்துவின் மிளகாய்த் தோட்டம்.

காலை 6.40: மேகமூட்டம். காற்று மேற்கிலிருந்து. ஆமைகளுக்கு அரைத்த மீன் ஏழு கிலோ.

ஆடுகளுக்கு உண்ணி. வியாழக்கிழமை ஒருவர் ஆடு பார்க்க வருகிறார், மருந்து அடித்துவிடுங்கள் என்று தமயந்தி சொன்னாள். லேபிளை இரண்டு முறை படித்தேன். மருந்தை ஊசிக்குழலால் அளந்தேன். பதினேழுக்கும் அடித்து முடிக்க 11.15 ஆயிற்று. கொட்டகைக் குழாய் ஒழுகுவதால் அடைத்து வைத்திருக்கிறோம். எனவே மருந்து அடித்த தோள்பம்பை மேல்தொட்டிப் பக்கத்துக் குழாயில் கழுவினேன். மூன்று முறை அலசி, மூன்று முறையும் வாய்க்காலில் ஊற்றினேன். ஆய்வுக்கூடத்தில் எந்தப் பாத்திரத்தையும் மூன்று முறை அலசாமல் நான் வைத்ததில்லை.

காத்தமுத்துவும் காலையில் மிளகாய்க்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னா சார், நீங்களும் பம்பு மாட்டிட்டீங்களா? இனிமே எனக்கு ஆள் கொறைஞ்சா ஒங்களத்தான் கூப்புடுவேன்" என்று சிரித்தார்.

மாலை 4.30 முதல் 5.20 வரை நல்ல மழை. மேல்தொட்டி நிரம்பியது.

ஜூலை 8, செவ்வாய்

காலை 6.45. முதல் தொட்டியில் எல்லாம் மல்லாந்து கிடந்தன. சில கால்களை உதறிக்கொண்டிருந்தன. இரண்டாம் தொட்டியிலும் அப்படியே. மூன்றாவதில் பாதி. நான்காவதில் அவை தொட்டிச் சுவரில் ஏறப் பார்த்து விழுந்தன. தொட்டிகளுக்குத் தண்ணீர் விடும் மோட்டாரை நிறுத்தச் சொல்லித் தமயந்தி கத்தினாள். நான் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தேன். தினமும் நான்தான் அதைப் போடுகிறேன்.

ஐந்தாம் தொட்டியில் இருந்தவற்றை இருவரும் கிணற்றுத் தண்ணீர் வாளிகளுக்கு மாற்றினோம். பிழைத்தவை இருபத்தொன்று. இறந்தவை அறுநூற்றுப் பத்தொன்பது. அவற்றில் வாலடியில் முட்டை சுமந்த தாய்கள் முப்பத்தெட்டு. மூன்று வருடமாக நல்ல கொடுக்கு, நல்ல வளர்ச்சி பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சேர்த்த தாய்கள். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்து அவள் செய்தது இது ஒன்றுதான். முதல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு தாயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆமைகள் நலம். ஆடுகள் நலம், உண்ணி விழுந்துவிட்டது.

மருந்துப் போத்தலை மறுபடி பார்த்தேன். லேபிளின் கடைசி வரி: மீன், இறால் வகைகளுக்கு மிகவும் ஆபத்தானது, நீர்நிலைகளில் கலக்கக் கூடாது. நேற்று இரண்டு முறை படித்ததில் இந்த வரியும் உண்டு. ஆட்டைப் பற்றிய வரிகளைத்தான் மனதில் வைத்துப் படித்தேன் என்று நினைக்கிறேன்.

இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஜூலை 9, புதன்

விவசாய இலாகா அதிகாரி வந்தார். அமைதியான பெண். தண்ணீர் எடுத்துக்கொண்டார். பூச்சிமருந்து போலத் தெரிகிறது, இந்த வட்டாரத்தில் யாராவது அடித்தார்களா என்று கேட்டார். தமயந்தி கிழக்கு வேலியைக் காட்டினாள். "மொளகாத் தோட்டம். முந்தாநாள் காலையில அடிச்சாங்க. நானே பார்த்தேன்" என்றாள். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அவருடைய பேனாவைப் பார்த்தேன்.

காத்தமுத்துவின் நிலம் அரசாங்க ஆற்றோர நிலம். வருடா வருடம் தற்காலிக அனுமதி புதுப்பிக்க வேண்டும். புகார் எழுதிக் கொடுத்தால் விசாரிப்போம், அடுத்த அனுமதியின்போது அது கோப்பில் இருக்கும் என்று அதிகாரி சொன்னார். தமயந்தி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று என்னிடம் கொடுத்தாள். ஒரு பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

ஜூலை 10, வியாழன்

ஆடு பார்க்க வந்தவர் இரண்டைப் பிடித்துப் போனார். தோல் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்.

ஜூலை 12, சனி

யூசுப் நாநாவின் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். சனிக்கிழமை வழக்கம் என்பதால்தான். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. லோரி ஓட்டும் சன்னாசி, "காத்தமுத்து மருந்துதானே சார்?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன் என்று சொல்ல முடியாது. குவளையைக் கீழே வைத்தேன். அதை அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இல்லை. தலையாட்டினேன்.

ஜூலை 13, ஞாயிறு

தொட்டிகள் இறந்த வரிசை: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கிழக்கு வேலிக்கு மிக அருகில் இருப்பது ஐந்து. காற்றில் மருந்து வந்திருந்தால் ஐந்துதான் முதலில் செத்திருக்கும். அன்று காற்றும் மேற்கிலிருந்து. ஆறு நாளாக இதற்கு வேறு ஒரு விளக்கம் தேடுகிறேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு பையன் இப்படிக் குழப்பிக்கொண்டு நின்றிருந்தால் அரை நிமிடத்தில் அவனைத் திருத்தியிருப்பேன்.

காலை பத்து மணிக்குக் காத்தமுத்து வந்தார். கையில் கயிறு, கயிற்றின் முனையில் அவருடைய கறுப்பு ஆடு. நிறைசினை. நஷ்டத்துக்கு ஈடாக என்றார். அவருக்கு இருப்பதே மூன்று. வாசலைத் தாண்டாமல் நின்று பேசினார். பிறகு தமயந்தி கூப்பிட்டு உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"பாப்பா, நான் வேணும்னு செய்யல. பத்து வருசமா அதே மருந்துதான் அடிக்கிறேன். இப்பிடி ஆவும்னு தெரியாது. கடையில பேசிக்கிட்டாங்க, அப்பறந்தான் யோசிச்சுப் பார்த்தேன். பம்ப நான் வாய்க்காலோரந்தான் கழுவுவேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அன்னிக்கு மருந்தடிச்சீங்க சார். ஆனா நீங்க படிச்சவங்க, எத எங்க ஊத்தணும்னு ஒங்களுக்குத் தெரியும். நமக்கு எங்க?"

அவர் சொல்லும் வாய்க்கால் அவர் நிலத்துக்குக் கிழக்கே ஓடுகிறது. எங்கள் தண்ணீரோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "ஆட்டைக் கொட்டகையில் கட்டலாம்" என்றேன். இடமும் காட்டினேன்.

ஜூலை 14, திங்கள்

காத்தமுத்து காலை ஏழு மணிக்கு வந்து தொட்டி தேய்க்க ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. விஷம் போகும்வரை தேய்த்துக் கொடுக்கிறேன், அதுதான் நியாயம் என்றார். பதினொரு மணிக்கு நான் தேத்தண்ணி கலந்து கொடுத்தேன். சீனி குறைவாக, அவருக்குப் பிடித்த மாதிரி.

ஜூலை 15, செவ்வாய்

தொட்டி 1 முடிந்தது. காத்தமுத்துவின் கை தோல் உரிந்திருக்கிறது. ரப்பர் கையுறை கொடுத்தேன். என்னுடையது, ஏறக்குறையப் புதியது. இதை எழுதிவைப்பதற்கே கூச்சமாக இருக்கிறது.

ஜூலை 19, சனி

கொட்டகைக் குழாய்க்குத் தமயந்தி புது வாஷர் போட்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை. தோள்பம்பை அன்று கழுவி மேல்தொட்டி அருகே கவிழ்த்து வைத்திருந்தேன். இப்போது கொட்டகைக்குப் பின்னால் ஒரு புது ஆணியில் தொங்குகிறது. மேல்தொட்டி வாய்க்காலின் வாயில் ஒரு பலகை அடைத்திருக்கிறது. எதைப் பற்றியும் அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மதியம் சாப்பிடும்போது வானிலை பற்றிப் பேசினோம்.

கடைக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன்.

ஜூலை 23, புதன்

ஆமை முட்டைகள். மணல் மேட்டைக் கிளறி நாற்பத்தாறு எடுத்தோம். திருப்பாமல், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே பெட்டி மணலில் வைக்க வேண்டும். காத்தமுத்து ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார். அவ்வளவு பெரிய விரல்கள். ஒன்றுகூட உடையவில்லை.

வேலைக்கு நடுவில், "சார், அந்த மருந்து காத்துல எம்புட்டு தூரம் பறக்கும்?" என்று கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அதன் பதில் மிக நன்றாகத் தெரியும்.

"காற்றைப் பொறுத்தது" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான்" என்றார்.

ஜூலை 26, சனி

காத்தமுத்துவின் மனைவி பூங்காவனம் வேலியோரம் வந்து என்னைக் கூப்பிட்டார். மிளகாயில் இலைச்சுருட்டை விழுந்துவிட்டது. பூவெல்லாம் உதிர்கிறது. காத்தமுத்து ஏழாம் தேதிக்குப் பிறகு ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை, பம்பையே தொட மாட்டேன் என்கிறார். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. ஒங்க பேச்சுன்னா கேப்பாரு. சோறே சரியா எறங்கல அவருக்கு. செத்தது எறாலுதானய்யா, மனுசனா செத்தான்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன்." சொல்கிறேன் என்றேன்.

வேலியிலிருந்து எட்டிப் பார்த்தேன். முதல் நான்கு வரிசையில் இலைகள் கையை மூடிக்கொண்டது போல இருந்தன.

ஜூலை 28, திங்கள்

கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது. எங்கள் கொட்டகையில். காத்தமுத்து பார்த்துவிட்டு, "அதிர்ஷ்டம் சார் ஒங்களுக்கு" என்றார்.

நான் பயந்தவன் என்பதைச் சின்ன வயதிலிருந்தே ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆலையில் மேலாளர் ஏறக்குறைய எதைச் சொன்னாலும் சரி என்பேன். ஆனால் எண்களில் மட்டும் பொய் எழுதியதில்லை. எண்ணெயின் அமிலம் கூடியிருந்தால் கூடியிருக்கிறது என்றுதான் எழுதினேன், மேலாளர் முறைத்தாலும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் என்னை நேர்மையானவன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், எழுதுவதில்தான் நேர்மை. வாயைத் திறந்து சொல்வதில் இல்லை. யாரும் படிக்காத இந்த நோட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

தமயந்தியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்காமல் சொல்லலாம் என்று அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

"தெரியும்ப்பா" என்றாள். குழாயை மூடவில்லை. "ரெண்டாம் நாளே தெரியும். அந்த அதிகாரி போன பொறவு, மேல்தொட்டிகிட்ட பம்பு கவுத்து வெச்சிருந்ததப் பார்த்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

புகார்க் கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அனுப்பவில்லை, மேசை இழுப்பறையில் இருக்கிறது என்றாள். பிறகு குழாயை மூடினாள்.

"ஆனா காத்தமுத்து மாமா ஆட்ட ஓட்டிக்கிட்டு வந்து நின்னப்ப நானும் வாயத் தொறக்கலப்பா. ஒங்களக் காட்டிக் குடுக்க மனசு வரல. அவரு தொட்டி தேய்க்கிறதப் பார்த்துக்கிட்டு, சரி, நம்ம வேலையும் ஆவுதேன்னு ஒரு நாள் நெனச்சுட்டேன். ஒரு நாள்தான். இருந்தாலும் நெனச்சேன்."

அவள் அழவில்லை. நான் ஒரு துணி எடுத்துத் தட்டுகளைத் துடைத்தேன். இருவரும் தட்டுகளை வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்தோம். பாத்திரங்கள் அவ்வளவு இல்லை.

அவளே போய்ச் சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கொஞ்சம் தாமதித்துத்தான் வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சொல்லிவிட்டேன். காத்தமுத்துவின் வீட்டில், காலை எட்டு மணிக்கு. பூங்காவனமும் இருந்தார். பசியாறிக்கொண்டிருந்தார்கள், எனக்கும் ஒரு தோசை வைத்தார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் தோசையைத் தவிர்த்திருக்கலாம்.

உண்ணி மருந்து, பம்பு, மூன்று முறை அலசியது, வாய்க்கால், மழை, தொட்டிகள் செத்த வரிசை. ஆய்வு அறிக்கை போலச் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காத்தமுத்துவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

"அப்ப நான் இல்லியா?" என்றார். மனைவி பக்கம் திரும்பி, "நான் இல்லியாமே" என்றார். பிறகு என்னிடம், "ஒங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சிது?" என்று கேட்டார்.

"நேற்றுத்தான்" என்றேன். "தமயந்தியோடு பேசிக்கொண்டிருந்தபோது."

யாரும் என்னை நெருக்கவில்லை. சாதாரணமாகக் கேட்ட கேள்வி. வாய் தானாக அந்தப் பதிலைச் சொல்லிவிட்டது.

"விடுங்க சார்" என்று என் முழங்காலைத் தட்டினார். "தெரியாம நடந்ததுதானே."

ஆகஸ்ட் 2, சனி

காத்தமுத்து வழக்கம்போல ஏழு மணிக்கு வந்துவிட்டார். இனி வேண்டாம் என்று தமயந்தி தடுத்தாள். நாலாந்தொட்டி பாதியில் நிற்கிறது பாப்பா, அரைகுறையாய் விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றார். தேய்த்துக்கொண்டே என்னைக் கேலி செய்தார்: "படிச்ச மனுசன் பம்பு கழுவுன லெச்சணத்தப் பாரு. நான் ஒரு தடவதான் அலசுவேன் சார், அதுவும் பாதி. சோம்பேறியா இருந்தா எறாலாச்சும் பொழைக்கும்." தமயந்திகூடச் சிரித்துவிட்டாள். இருபத்தைந்து நாளில் முதல் முறை. நானும் சிரித்தேன்.

ஆட்டைத் திரும்ப ஓட்டிப்போகச் சொன்னேன். தாயை மட்டும் பிடித்துக்கொள்கிறேன், குட்டிகள் இங்கே பிறந்தவை, ஒன்று பாப்பாவுக்கு இருக்கட்டும் என்றார்.

அவர் மன்னித்தது உண்மை தெரிந்த மறுநாளே சொல்ல வந்த ஒரு ஆளை. அந்த ஆள் நான் இல்லை. இல்லாத ஒருவனுக்குக் கொடுத்த மன்னிப்பை, குட்டியோடு சேர்த்து, நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மறுபடி போனேன். அவர் தோட்டத்தில் சுருண்ட இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடி சொன்னேன்: நேற்று முன்தினம் சொன்னது பொய். லாப்ஸ்டர் செத்த அன்றே எனக்குத் தெரியும். நீங்கள் ஆட்டைக் கொண்டு வந்தபோது தெரியும். தொட்டி தேய்த்தபோது, காற்று பற்றிக் கேட்டபோது, எல்லாம் தெரியும்.

அவர் கிள்ளுவதை நிறுத்தவில்லை. அந்த வரிசை முடியும்வரை போனார். திரும்பி வந்தார்.

"இருபத்தாறு நாளு" என்றார்.

ஆமாம் என்றேன்.

"தெரியாம செஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல சார். நானே அப்பிடித்தான் நெனச்சு ஒங்க வாசல்ல வந்து நின்னேன். ஆனா நீங்க தேத்தண்ணி கலந்து குடுத்தீங்க பாருங்க. தெனமும். சீனி கம்மியா. அத எப்பிடி சார் குடுத்தீங்க?"

உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

"நாநா கடையில என்னைய வெஷம்னுதான் கூப்புடறானுங்க. 'வெஷம் வருது, தேத்தண்ணிய மூடி வையி'ங்கிறான் சன்னாசி. நானும் சிரிச்சுக்கிட்டே ஒக்காருவேன். செஞ்சவன் கேட்டுக்கத்தானே வேணும்னு. இங்க வரப்புல நின்னு எங்கிட்ட சொல்றீங்க. எனக்குத் தெரிஞ்சு என்னா ஆவப்போவுது?"

பூங்காவனம் வீட்டு வாசலிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை உள்ளே வரச் சொல்லவில்லை.

மதியம் அவர் வந்து ஆட்டையும் இரண்டு குட்டிகளையும் ஓட்டிப்போனார். கொட்டகைக் கதவை நான் திறந்து பிடித்துக்கொண்டேன். தேய்ப்புக் கட்டையையும் என் கையுறையையும் நாலாந்தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றின் மேல் ஒன்றாக, ஒழுங்காக.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆமைகளுக்கு மீன் ஏழு கிலோ. பிழைத்த லாப்ஸ்டர்களில் ஒன்று தோலுரித்திருக்கிறது. தமயந்தி தானும் கடைக்கு வருகிறேன் என்றாள். தனியாகப் போனேன்.

காலை பத்து மணி. கடையில் பத்துப் பேர், யூசுப் நாநாவைச் சேர்த்துப் பதினொன்று. காத்தமுத்து இல்லை. அவர் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போயிருக்க வேண்டுமோ என்று தோன்றியது. திரும்பிப் போவதற்கு இது நல்ல காரணம் என்றும் தோன்றியது. உட்கார்ந்தேன். தேத்தண்ணி வந்தது. பாதி குடிக்கும்வரை மனதுக்குள் வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பிறகு சொன்னேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மேலே விசிறி சத்தம், டிவியில் கால்பந்து. நாநா மட்டும் நான் வாயசைத்ததைப் பார்த்துவிட்டு, "என்னா சார், சீனி பத்தலையா?" என்றார்.

இல்லை என்றேன். சொன்னதாக ஆகிவிட்டது என்று ஒரு கணம் நினைத்தேன். என்னைப் போன்றவனுக்கு அது போதும் என்றுகூட நினைத்தேன்.

எழுந்து நின்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"தமயந்தியோட லாப்ஸ்டர் செத்தது காத்தமுத்துவால இல்ல" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாக இருந்தது. "நான் செஞ்சது. ஆட்டுக்கு அடிச்ச மருந்த மேல்தொட்டி வாய்க்கால்ல ஊத்தினேன். நான்தான் செஞ்சேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இங்க ஒக்காந்து தலையாட்டினேன். அவர வெச்சுத் தொட்டியும் தேய்ச்சுக்கிட்டேன்."

நாநா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். சன்னாசி ரொட்டியைப் பிய்த்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"எப்பலேர்ந்து சார் தெரியும்?"

"ஜூலை எட்டாந்தேதியிலேர்ந்து" என்றேன். "செவ்வாக்கெழம. காலையில ஆறே முக்காலுக்கு."